பழைய விக்கரேஜ் வீட்டை எப்படிப் பார்ப்பது?

இங்கிலாந்துக்குப் படிக்க வந்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "கிராமங்களில் தேவாலயத்தை ஒட்டி 'ஓல்ட் விக்கரேஜ்', 'ஓல்ட் ரெக்டரி' என்று பெயர்ப்பலகை போட்ட வீடுகளைப் பார்க்கிறேன். ஒன்று வைக்கோல் வேய்ந்த பழைய வீடு. இன்னொன்று பெட்டி மாதிரிக் கல் வீடு. மற்றொன்றில் தேவாலயம் மாதிரியே கூர்வளைவு வாசல். எல்லாமே குருவானவர் வீடு என்கிறார்கள். இவற்றுக்கென்று தனியாக ஒரு கட்டடக்கலை உண்டா?"

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால், எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விக்கரேஜ் என்று தனியாக ஒரு பாணி கிடையாது. அந்தந்தக் காலத்தில் வசதியான விவசாயியோ வக்கீலோ எப்படி வீடு கட்டினாரோ, குருவானவர் வீடும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு விஷயங்கள் அதை மற்ற வீடுகளிலிருந்து பிரிக்கின்றன. முதலாவது, குடியிருப்பவருக்கு அந்த வீடு சொந்தமில்லை. பதவி இருக்கும்வரை வீடு இருக்கும். ஆனால் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் பல நூற்றாண்டுகள் அவர் தலையில்தான் இருந்தது. இரண்டாவது, அது பாதி குடும்ப வீடு, பாதி ஊர்ப் பொது இடம். சாவுக்கும் கல்யாணத்துக்கும் கடிதம் எழுதிக்கொடுக்கச் சொல்லியும் ஊர்க்காரர்கள் எந்த நேரமும் கதவைத் தட்டுவார்கள். இந்த இரண்டும் சேர்ந்து வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, எந்த அறை எந்த அறைக்குப் பக்கத்தில் என்று தீர்மானித்திருக்கின்றன. பாணி மாறினாலும் இந்த இழுபறி மட்டும் மாறவே இல்லை.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் வீட்டின் அளவே பெயரில் இருக்கிறது. ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்பது பழைய சட்டம். தானியம், வைக்கோல், மரம் ஆகியவை பெரிய பங்கு. ஆட்டுக்குட்டி, கம்பளி, பழம், முட்டை மாதிரியானவை சிறிய பங்கு. முழுப் பங்கும் பெறுபவர் ரெக்டர், அவர் வீடு ரெக்டரி. பல ஊர்களில் ஒரு துறவி மடமே ரெக்டரின் இடத்தில் உட்கார்ந்து பெரிய பங்கை எடுத்துக்கொண்டு, வழிபாட்டை நடத்த ஒரு பதிலாளை வைத்தது. பதிலாள் என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் விக்கர் என்ற சொல் வந்தது. அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிறிய பங்கு. 1530களில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்தப் பெரிய பங்கு விக்கருக்குத் திரும்பி வரவில்லை, நிலப்பிரபுக்களின் கைக்குப் போய்விட்டது. அதனால் பொதுவாக ரெக்டரி பெரிது, விக்கரேஜ் சிறிது. இரண்டுக்கும் பொதுவான சொல் பார்சனேஜ். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் குருமனை என்போமே, அதே பொருள்தான். இனி நானும் அந்தச் சொல்லையே புழங்குகிறேன்.

கூரை வேய்ந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். கிழக்கு சஸ்ஸெக்ஸில் குக்மியர் ஆற்றோரம் ஆல்ஃப்ரிஸ்டன் என்று ஒரு கிராமம். அங்கே செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்துக்குப் பக்கத்தில் 'கிளர்ஜி ஹவுஸ்' என்ற மரச்சட்ட வீடு நிற்கிறது. 1400ஐ ஒட்டிய காலத்து வீடு. அதற்கு வடக்கே உள்ள பகுதிக்கு வீல்டு என்று பெயர். அங்கே கொஞ்சம் வசதியுள்ள விவசாயிகள் கட்டிய வீடுகளின் அமைப்பு அப்படியே இதிலும் இருக்கிறது.

நடுவில் ஒரு கூடம். அதற்கு மாடி கிடையாது, தரையிலிருந்து கூரையின் முகடுவரை ஒரே வெளி. இரண்டு பக்கமும் மாடியுள்ள அறைகள். அந்த மாடிகள் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நடுக்கூடத்துக்கு மாடி இல்லாததால் அதன் சுவர் மட்டும் உள்ளே தள்ளி நிற்கிறது. ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. அதனால் கூடத்துக்கு முன்னால் கூரையின் இறவானம் அந்தரத்தில் நிற்க, இரண்டு பக்கமிருந்தும் வளைந்த மரக்கைகள் வந்து அதைத் தாங்குகின்றன. வெளியிலிருந்து பார்த்த மாத்திரத்தில், நிழல் விழும் அந்தப் பள்ளத்தை வைத்தே உள்ளே கூடம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த அமைப்புக்கு 'வீல்டன் வீடு' என்று பெயர்.

சட்டம் முழுவதும் ஓக் மரம். அந்தக் காலத் தச்சர்கள் ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே இழைத்துத் துளையிட்டு, மர ஆணி அடித்துக் கோத்தார்கள். காயக் காய மரம் முறுக்கிக்கொள்ளும், மூட்டு இறுகும். இன்று அந்த மாதிரி வீடுகள் கோணலாகத் தெரிவதற்கு வயதைவிட இதுதான் பெரிய காரணம். சட்டங்களுக்கு இடையே வரிச்சு கட்டி, மண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பியிருப்பார்கள். ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, மரக்கம்பிகளும் அடைப்புப் பலகையும்தான். புகைபோக்கியும் ஆரம்பத்தில் இல்லை. கூடத்தின் நடுத்தரையில் தீ எரியும், புகை மேலே ஏறிக் கூரை வழியாகத் தானே வெளியேறும். இந்த மாதிரி வீடுகளில் மேலே ஏறிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் கைமரங்களை விரலால் தொட்டுப் பாருங்கள். பல தலைமுறைப் புகைக்கரி மரத்தோடு மரமாக இறுகிப் போயிருக்கும். பின்னால் எத்தனை முறை வீட்டை மாற்றியிருந்தாலும், 'இந்த இடம் ஒரு காலத்தில் திறந்த கூடம்' என்று காட்டிக்கொடுப்பது அந்தக் கரிதான்.

ஆல்ஃப்ரிஸ்டன் கூடத்தின் தரையைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த ஊரைச் சுற்றியுள்ள குன்றுகள் எல்லாம் சீமைச்சுண்ணாம்புப் பாறை. அதையே உடைத்துப் பரப்பி, திமிசு போட்டு இறுக்கி, மேலே புளித்த பால் ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். பாலில் உள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து ஒரு பசை மாதிரி இறுகும். நான் அதைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். சிமெண்டின் குளிர்ச்சி அதில் இல்லை, தேய்த்த தந்தம் மாதிரி மங்கலான பளபளப்பு. அதே கூடத்தில் ஒரு உத்திரத்தின் ஓரத்தில் ஓக் இலை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் ஓக் இலைச் சின்னத்துக்கு அதுதான் முன்மாதிரி என்று சொல்லப்படுவதுண்டு.

நேஷனல் டிரஸ்ட் இங்கே வந்தது தற்செயலாக அல்ல. பிற்காலத்தில் குருவானவர்கள் இந்த வீட்டைவிட்டு வேறு இடத்துக்குப் போக, வீட்டைத் தடுத்துக் கூலிக்காரக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1880களில் இடித்துவிட அனுமதியே கிடைத்துவிட்டது. அப்போது அந்த ஊர் விக்கராக இருந்த பெய்னன் என்பவர்தான் விடாப்பிடியாக இருந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கும், 1895ல் புதிதாகத் தொடங்கியிருந்த நேஷனல் டிரஸ்டுக்கும் எழுதினார். 1896ல் டிரஸ்ட் அந்த வீட்டை 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான். இன்று நூற்றுக்கணக்கான அரண்மனைகளையும் மாளிகைகளையும் பராமரிக்கும் ஒரு நிறுவனம், ஒரு ஏழைக் குருமனையின் கூரையைப் பிரித்து வேய்வதில் ஆரம்பித்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் நெஞ்சை நிறைக்கும் விஷயம்.

மரச்சட்டக் குருமனைகள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அவை எப்படி இருந்தன என்பது நன்றாகவே தெரியும். ஒவ்வொரு ஊர் தேவாலயச் சொத்தையும் அவ்வப்போது பட்டியல் எடுத்து மேற்றிராணியாரிடம் (பிஷப்பிடம்) கொடுக்கவேண்டும் என்ற விதி இருந்தது. அந்தப் பட்டியல்களில் குருமனையை அங்கணக் கணக்கில், அதாவது தூணுக்குத் தூண் இடைவெளியை அலகாக வைத்து, அளந்து எழுதியிருப்பார்கள். லிங்கன்ஷயரில் எப்வர்த் ரெக்டரி பற்றிய 1607ஆம் ஆண்டுக் குறிப்பு ஐந்து அங்கணம், மரமும் காரையும் கொண்ட சுவர், வைக்கோல் கூரை என்று சொல்கிறது. நூறு வருடம் கழித்து, 1709 பிப்ரவரி 9 இரவு அந்த வீடு எரிந்து சாம்பலானது. மாடி ஜன்னலில் சிக்கிக்கொண்ட ஐந்து வயதுப் பையனை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி இறக்கினார்கள். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிதான் அந்தப் பையன். அவர் அப்பா மறுபடி கட்டியபோது மரத்தையும் வைக்கோலையும் நம்பவில்லை. செங்கல் சுவர், ஒழுங்காக வரிசை பிடித்த ஜன்னல்கள். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

எரிந்ததை மறுபடி கட்டியது யார் காசு என்று கேட்டீர்களானால், வெஸ்லியின் அப்பா காசுதான். இதில்தான் அந்த ஏற்பாட்டின் கொடுமை தெரியும். குருவானவர் இடம் மாறினாலோ இறந்தாலோ, வீட்டில் அவர் காலத்தில் ஏற்பட்ட பழுதுக்கெல்லாம் கணக்குப் போட்டு அடுத்து வருபவர் வசூலிக்கலாம். செத்துப்போனவரின் விதவை, கணவரை அடக்கம் செய்த கையோடு வீட்டையும் காலி செய்து, கூரை ஒழுகியதற்கும் ஜன்னல் இற்றுப்போனதற்கும் பணமும் கட்டவேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் 1630ல் நடந்த ஒரு சின்னச் செயலின் அருமை புரியும். சாலிஸ்பரி அருகே பெமர்ட்டன் என்ற ஊருக்கு ரெக்டராக வந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட், பாழடைந்து கிடந்த குருமனையைத் தன் பணத்தில் எடுத்துக் கட்டினார். கட்டிவிட்டு, கணப்புக்கு மேலே, தனக்கு அடுத்து வரப்போகும் குருவானவருக்கு என்று சில வரிகள் பொறித்து வைத்தார். உன் செலவில்லாமல் கட்டிய வீடு உனக்குக் கிடைத்திருக்கிறது, ஏழைகளுக்கு நல்லது செய், அப்போது என் உழைப்பு வீணாகாது என்பதுதான் அதன் சாரம். மூன்று வருடத்தில், 1633ல், அவர் இறந்துவிட்டார்.

எல்லோரும் ஹெர்பர்ட் ஆக முடியாது. 18ஆம் நூற்றாண்டில் ஏராளமான குருமனைகள் இடிந்து கிடந்தன. குடியிருக்கத் தகுந்த வீடு இல்லை என்பதையே சட்டப்படியான காரணமாகக் காட்டி, குருவானவர்கள் ஊரில் தங்காமலேயே வருமானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதை உடைக்க 1776ல் கில்பர்ட் சட்டம் வந்தது. பதவியின் எதிர்கால வருமானத்தை அடமானம் வைத்து வீடு கட்டக் கடன் வாங்கலாம், அடுத்தடுத்து வருபவர்களும் சேர்ந்து அடைக்கலாம் என்றது அந்தச் சட்டம். 1838ல் வந்த இன்னொரு சட்டம், ஊரில் தங்கியே ஆகவேண்டும் என்று இறுக்கிப் பிடித்து, வீடு இல்லாத இடத்தில் கட்டவைக்கும் அதிகாரத்தை மேற்றிராணியார்களுக்குக் கொடுத்தது. நீங்கள் பார்க்கும் குருமனைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு சட்டங்களும் போட்ட விதை. கடனுக்கு மனுப் போடும்போது வரைபடமும் மதிப்பீடும் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருந்ததால், உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் வரைந்த தாள்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்னும் கிடைக்கின்றன. சாதாரண வீடுகளுக்கு இப்படி ஒரு சான்று அநேகமாகக் கிடைக்கவே கிடைக்காது.

நீங்கள் சொன்ன 'பெட்டி மாதிரி' வீடு இந்தக் காலத்தது. அதற்கு உலகமறிந்த உதாரணம் யார்க்ஷயரில் உள்ள ஹாவர்த். 1778-79ல் கட்டியது. அங்கே 1820ல் குடியேறிய, நாவலாசிரியைகளான சார்லட், எமிலி, ஆன் சகோதரிகளின் அப்பா பேட்ரிக் பிரான்டி ரெக்டரும் இல்லை, விக்கரும் இல்லை. 'நிரந்தர உதவிக்குரு' என்ற இன்னும் கீழ்ப்படி. அதனால்தான் அந்த வீட்டை விக்கரேஜ் என்று யாரும் சொல்வதில்லை, பார்சனேஜ் என்பார்கள். கரடான மணற்கல் சுவர், கற்பலகை வேய்ந்த கூரை. முகப்பில் நடுவே கதவு, கீழே பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஜன்னல், மேலே ஐந்து. கோடு போட்ட மாதிரி சமச்சீர். உள்ளே நுழைந்தால் கல் பாவிய நடை. வலது பக்கம் அப்பாவின் படிப்பறை, இடது பக்கம் சாப்பாட்டறை. வந்தவர் வலது பக்கம் திரும்பினால் ஊர்க் காரியம், இடது பக்கம் குடும்பம். இரண்டு கதவுக்கும் இடையே ஒரு நடையின் அகலம்தான். அந்த இடது பக்க அறையில்தான் மூன்று சகோதரிகளும் இரவில் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தங்கள் கதைகளைப் பேசினார்கள். இரவு ஒன்பது மணிக்கு அப்பா படிப்பறையிலிருந்து வந்து, மாடிப்படித் திருப்பத்தில் நிற்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார். போகும்போது இந்தக் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். இத்தனை நெருக்கமான அமைப்பை நேரில் பார்த்த பிறகு, அந்த வீட்டில் ரகசியமாக எழுதினார்கள் என்பதே ஒரு பெரிய காரியமாக எனக்குப் பட்டது.

முன்தோட்டத்துச் சுவருக்கு அப்பால் கல்லறைத் தோட்டம். தேவாலயத்துக்குப் பக்கத்தில் என்பது எப்போதும் வரம் இல்லை. பேட்ரிக் பிரான்டி கேட்டுக்கொண்டதன்பேரில் 1850ல் சுகாதார ஆய்வாளர் பாபேஜ் வந்து பார்த்தபோது, ஹாவர்த்தில் இறப்பவர்களின் சராசரி வயது 25.8 என்று கணக்கெடுத்தார். கழிவுநீர் வசதி இல்லாத ஊர், நிரம்பி வழியும் கல்லறைத் தோட்டம், மாசுபட்ட தண்ணீர். குருமனையின் ஜன்னல்கள் அதைப் பார்த்தபடியே இருந்தன. இப்போது வீட்டின் ஒரு பக்கம் தெரியும் முக்கோண உச்சிகொண்ட கோம்பைச் சுவருள்ள பகுதி 1870களில் பின்வந்த குருவானவர் சேர்த்தது. பிரான்டி குடும்பத்தின் வீட்டைப் பார்க்க நினைத்தால் அதைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்த இடம். பெட்டி வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. முகப்பு சமச்சீராக இருக்கவேண்டும் என்று முடிவாகிவிட்டால், பின்னாலிருக்கும் அறை எதுவானாலும் அதே அளவு ஜன்னல்தான். வெளியழகுக்காக உள்ளே வாழ்பவர் விட்டுக்கொடுக்கவேண்டும். 1841ல் பியூஜின் என்ற கட்டடக்கலைஞர், அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை, இதைத் தலைகீழாகத் திருப்பினார். வசதிக்கோ கட்டுமானத்துக்கோ அந்தக் கட்டடத்தின் தகுதிக்கோ தேவைப்படாத எதையும் கட்டடத்தில் வைக்காதே என்றார். உள்ளே தேவைப்படும் அறைகளை முதலில் அடுக்கு, முகப்பு தானே வரட்டும் என்பது இதன் பொருள். டார்செட்டில் ராம்பிஷம் என்ற ஊரில் அவர் 1846-47ல் கட்டிய ரெக்டரியில் அறைகள் நடுக்கூடத்தைச் சுற்றிக் காற்றாடி இறக்கை மாதிரி ஒவ்வொரு பக்கம் தள்ளி நிற்கின்றன.

பியூஜின் கத்தோலிக்கர். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் இதை எடுத்துச் செய்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் பட்டர்ஃபீல்டு. பிரிஸ்டல் அருகே கோல்பிட் ஹீத் என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்பு, பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது. 1844-45ல் அங்கே செயின்ட் சேவியர்ஸ் (St Saviour's, அதாவது இரட்சகர்) தேவாலயம், கல்லறைத் தோட்டத்துக் கூரை வாசல், விக்கரேஜ் மூன்றையும் அவர் சேர்த்துக் கட்டினார். அந்த விக்கரேஜ்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்பும் வீடு. பார்த்தவுடன் வாய் பிளக்க அதில் எதுவும் கிடையாது. கரடுமுரடான கல் சுவர், மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் செதுக்கிய கல். செங்குத்தான கூரை. தரையிலிருந்தே எழும்பும் புகைபோக்கி. கூர்வளைவு வைத்த வாசல் மண்டபம். ஒரு அறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல். ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இல்லை.

ஆனால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இந்த வகை வீடுகளில் ஒவ்வொரு ஜன்னலும் பேசும். உயரமாக, இரண்டு தளத்துக்கும் இடைப்பட்ட மட்டத்தில் இருந்தால் அங்கே மாடிப்படி. தெற்குப் பக்கம் அகலமாக, வெளியே நீட்டியிருந்தால் வரவேற்பறை. வடக்கில் சின்னதாக, உயரத்தில் இருந்தால் பாலும் இறைச்சியும் வைக்கும் குளிர்ந்த உக்கிராண அறை. பெரிய புகைபோக்கி சமையலறை. எல்லாவற்றிலும் முக்கியமாக, வாசலுக்கு மிக அருகில், வருபவர்களைப் பார்க்கும்படி ஒரு ஜன்னல் இருக்கும். அதுதான் படிப்பறை. விக்டோரியா காலத்துக் குருமனைத் திட்டத்தில் அந்த அறைக்கு இருந்த இடம் வேறு எந்த அறைக்கும் இல்லை. முன்கதவைத் திறந்தவுடன் அது வரவேண்டும், அல்லது அதற்கென்றே தனியாகப் பக்கவாசல் இருக்கவேண்டும். சுரங்கத்திலிருந்து கரி படிந்த காலணியோடு வருபவர், புருஷனை இழந்து அழுதுகொண்டு வருபவர், கல்யாண அறிக்கை போடச் சொல்லி வரும் ஜோடி, இவர்கள் யாரும் குடும்பத்தின் கண்ணில் படாமல், கூச்சப்படாமல் உள்ளே வந்து போகவேண்டும். ஹாவர்த்தில் ஒரு நடையின் அகலத்தில் இருந்த பிரிவினையை இங்கே யோசித்து, திட்டமிட்டு, கல்லில் கட்டியிருக்கிறார்கள்.

கூர்வளைவு வைத்த இந்தப் பழைய தேவாலயப் பாணி, அதாவது கோதிக் பாணி, எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்து ஆங்கிலிக்கன் சீர்திருத்தக்காரர்களுக்குக் குருமனை தேவாலயத்தின் வேலைக்காரர் வீடு என்று பார்த்தவுடன் தெரியவேண்டும், ஆனால் தேவாலயத்தோடு போட்டி போடக்கூடாது. அதனால் கூர்வளைவை வாசலில் மட்டும் தொட்டுக் காட்டிவிட்டு, மற்ற இடங்களில் சாதாரணச் சதுர ஜன்னலோடு நிறுத்திக்கொள்வார் பட்டர்ஃபீல்டு. 1850களில் யார்க்ஷயரில் பால்டர்ஸ்பி செயின்ட் ஜேம்ஸ் என்ற கிராமத்தையே அவர் கட்டினார். அங்கே தேவாலயம், விக்கரேஜ், பள்ளிக்கூடம், தொழிலாளர் வீடு என்று ஒவ்வொன்றாக அலங்காரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். லண்டனில் மார்கரெட் தெருவில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சின்னச் சதுர மனைதான். அதில் தேவாலயத்தைப் பின்னால் தள்ளி, முன்னால் ஒரு பக்கம் குருமார் வீட்டையும் மறுபக்கம் பாடகர் பள்ளியையும் வைத்து, நடுவே ஒரு முற்றத்தை விட்டார். தெருவிலிருந்து வளைவைத் தாண்டி அந்த முற்றத்துக்குள் நுழைந்தால் மூன்று பக்கமும் கட்டம் போட்ட செங்கல் சுவர் எழும்பி நிற்கும். நெரிசலான தெருவிலிருந்து பத்தடி தூரம்தான், சத்தம் பாதியாகக் குறைந்துவிடும்.

இந்தச் சின்ன வீடுகள் வரலாற்றில் எவ்வளவு தூரம் போயின என்று பாருங்கள். பட்டர்ஃபீல்டின் வழியில் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் வான்டேஜிலும் கடெஸ்டனிலும் விக்கரேஜ்கள் கட்டினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்ட்ரீட்டின் அலுவலகத்தில் தலைமை உதவியாளராக இருந்தவர் பிலிப் வெப். 1856ல் அங்கே பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர் வில்லியம் மாரிஸ். மூன்று வருடம் கழித்து, கல்யாணமான புதிதில், மாரிஸ் தனக்கு ஒரு வீடு கட்டித்தரச் சொன்னார். அப்போது கென்ட்டைச் சேர்ந்திருந்த பெக்ஸ்லிஹீத்தில் வெப் கட்டிய ரெட் ஹவுஸ் அதுதான். கட்டடக்கலை வரலாற்றில் புது யுகத்தின் முதல் வீடு என்று அதைப் பல காலம் கொண்டாடினார்கள். லண்டனில் ஜெர்மன் தூதரகத்தில் இருந்த முத்தேசியஸ் ஊர் திரும்பி இந்த ஆங்கில வீடுகளைப் பற்றி விரிவாக எழுதியபோது, ஐரோப்பா முழுதும் கவனித்தது. ஆனால் ரெட் ஹவுஸின் செங்குத்தான கூரை, அறைக்கு ஏற்ற ஜன்னல், ஒளிவுமறைவில்லாத சுவர், எல்லாவற்றையும் பதினைந்து வருடம் முன்பே கிராமத்து விக்கரேஜ்களில் பார்க்கலாம். ரெட் ஹவுஸுக்குப் போகிறவர்களிடம், முதலில் ஒரு பட்டர்ஃபீல்டு விக்கரேஜைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

பிறகு ஏன் எல்லாமே 'ஓல்ட்' விக்கரேஜ் ஆயின? 1836ல் பத்தில் ஒரு பங்கைப் பணமாக மாற்றியபோது அதைத் தானிய விலையோடு கட்டிவிட்டார்கள். 1870களுக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை வந்து குவிய, விலை விழுந்தது, குருவானவர் வருமானமும் விழுந்தது. எட்டு, பத்து படுக்கையறை, பின்மாடிப்படி, குதிரை லாயம் என்று நல்ல காலத்தில் கட்டிய வீடுகள் மட்டும் அப்படியே நின்றன. உலகப் போர்களுக்குப் பிறகு வேலையாட்களும் இல்லை. குளிர்காலத்தில் இரண்டு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மீதி வீட்டை மூடி வைத்த குடும்பங்கள் நிறைய. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சபை ஆயிரக்கணக்கான குருமனைகளை விற்றுவிட்டு, அதே தோட்டத்தின் மூலையிலோ பக்கத்துத் தெருவிலோ நான்கு படுக்கையறை கொண்ட புது வீடு கட்டிக்கொடுத்தது. விற்கும்போது பழைய வீட்டுக்கு 'விக்கரேஜ்' என்ற பெயரை மட்டும் வைக்கக்கூடாது என்று பத்திரத்தில் எழுதுவது வழக்கம், இல்லாவிட்டால் உதவி தேடி வருபவர் தவறான கதவைத் தட்டுவார். உங்கள் கண்ணில் படும் 'ஓல்ட்' அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஆல்ஃப்ரிஸ்டனும் ஹாவர்த்தும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் வீடுகள். ஆல்ஃப்ரிஸ்டனில் குளிர்கால நேரங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோல்பிட் ஹீத்தில் தேவாலய வாசலிலிருந்து பார்த்தாலே போதும், வீட்டாரைத் தொந்தரவு செய்யவேண்டாம். உங்கள் ஊரிலேயே ஒரு ஓல்ட் விக்கரேஜ் இருந்தால், தேவாலயத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் பழைய ஒற்றையடிப் பாதையைத் தேடுங்கள். பெரும்பாலும் மதில் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதன் வழியாக வந்தால் எந்த ஜன்னலுக்கு எதிரே போய் நிற்பீர்களோ, அது அநேகமாகப் படிப்பறையாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே சபையின் புது வீடு இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். எவ்வளவு சாதாரணச் செங்கல் வீடாக இருந்தாலும், முன்கதவை ஒட்டி, வீட்டுக்குள் போகாமலேயே நுழையும்படி ஒரு அறை அங்கேயும் இருக்கும்.